மைக்செட் தளவாய் ஓடிய தூரம்

பனையடிப்பேட்டைக்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். சாப்பிட மட்டும் போன கல்யாண வீட்டிலும் மைக் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். இருந்தால் இரண்டு வார்த்தை பேசாமல் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பேசிப் பேசியே அந்த ஊர் பல தடவை உயிரைக் கொடுத்திருக்கிறது, உடல் பொருள் ஆவி மூன்றையும் அள்ளி வழங்கியிருக்கிறது, ஒரு தடவை பள்ளிக்கூடத்துக் கபடி அணிக்காகத் தீக்குளிக்கவும் தயார் என்று சொல்லியிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. மைக்செட் தளவாய் மெட்ராஸுக்கு ஓடியபோதுதான் அவர்கள் பேசிய பேச்சு அப்படியே, சொல்லுக்குச் சொல், நடந்தது.

தளவாய்க்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் எந்த மேடை போட்டாலும் முதலில் ஏறுகிறவர் அவர், முதலில் இறங்குகிறவரும் அவர். மைக்கின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லி, கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் எல்லாம் ஒழுங்காக அலறுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டு, தலைவர்கள் வருகிறார்கள் என்றதும் பக்கத்துக் கம்பைப் பிடித்துக் குதித்து இறங்கி, ஆம்பிளிபையருக்குப் பக்கத்தில் போட்ட ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்வார். நன்றியுரையில் எல்லாருக்கும் கடைசியாக, நாற்காலிகளை மடக்க ஆரம்பித்த பிறகு, "ஒலி ஒளி அமைத்தவருக்கும்" என்று ஒரு வார்த்தை வரும்; அந்த இடத்தில் மட்டும் அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார். ஒரு தடவையாவது தன்னைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட மாட்டார்களா என்ற ஆசை அவருக்கு உண்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். தனியாக இருக்கும்போது அவரே சிரித்திருக்கிறார்.

சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, நடந்து நடந்து அலுத்துப்போய் ஓட ஆரம்பித்தவர் அவர். வாடாமல்லி நிறத்தில் ஒரு ஷூ வாங்கினார். தூத்துக்குடியில் யாரோ நடத்திய ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்டு, முடித்த அத்தனை பேருக்கும் கொடுத்த மெடலை வாங்கிவந்து ஆம்பிளிபையர் கைப்பிடியில் தொங்கவிட்டார். பாட்டுச் சத்தத்தில் அது ஆடும்போதெல்லாம் அவருக்கு ஒரு திருப்தி. தினமும் விடிகாலையில் டோல்கேட் வரைக்கும் ஓடுவதாக ஊரில் சொல்வார். டோல்கேட்டிலிருந்து பஸ்ஸில் திரும்புவதைச் சொல்ல மாட்டார்.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் கட்டி முடித்து, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஜவுளிக்கடை காஜா மைதீன் வந்து சீண்டினார். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு வளர்ந்தவர்கள்.

"டோல்கேட் வரைக்கும் நீரு ஓடுனத யாருவே பாத்தா?"

"டோல்கேட் என்ன வே பெரிய டோல்கேட்? நான் நெனச்சா மெட்ராஸ் வரைக்கும் ஓடிருவேன்."

இத்தனை வருஷமாக ஊரார் மைக்கையெல்லாம் சோதித்த மனுஷன் தன் கையிலிருந்த மைக்கைச் சோதிக்க மறந்துவிட்டார். அது ஆனில் இருந்தது. கோயில் வாசல் குழாய், கடைத்தெருக் குழாய், பஸ் ஸ்டாண்டுக் குழாய் எல்லாவற்றிலும் அந்த வார்த்தை போய், கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி உச்சியில் கட்டிய குழாயிலிருந்து, அது கொஞ்சம் தூரம் என்பதால் ஒரு நொடி பிந்தி, "ஓடிருவேன்" என்று இன்னொரு தடவை வந்தது.

வீட்டுக்குப் போனால் மனைவி இசக்கியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "என்னைக்குக் கிளம்புதீங்க?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்ட்டி."

"ஊரே கேட்டுட்டு."

அவர் பின்வாங்க நினைப்பதற்குள் வணிகர் சங்கத் தலைவர் வெயில்முத்து மாலையோடு வந்துவிட்டார். அவரைப் போலப் பேச அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. எலெக்ட்ரிக் கடையில் பல்பு விற்கும்போதுகூட இருளை விரட்டுவோம் என்றுதான் ஆரம்பிப்பார். "தளவாயி, நம்ம ஊரு பேரு மெட்ராஸ் கடக்கரை வரைக்கும் போகப்போகுது" என்றார். சாலையில் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது என்று தளவாய் சொல்லிப் பார்த்தார். அறுநூறு என்ற எண்ணைக் கேட்டதும் வெயில்முத்துவுக்கு இன்னும் உற்சாகம் வந்தது. உண்மையைச் சொன்னால் தளவாய்க்கும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சிலிர்த்துக்கொண்டுதான் இருந்தது. வழியனுப்பு விழா என்றால் மேடை போடுவார்கள் அல்லவா?

போட்டார்கள். தன் விழாவுக்குத் தானே குழாய் கட்டினார் தளவாய். தானே மைக்கைத் தட்டி ஹலோ சொன்னார். பழக்கதோஷத்தில் குதித்து இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தவரை, "அருமைச் சகோதரர் தளவாய் அவர்கள்" என்று பெயர் சொல்லி மேலே கூப்பிட்டார்கள்.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் எஸ்தர், "அவருக்குத் தாகம் எடுத்தால் வறள்வது எங்கள் தொண்டை" என்றார். காஜா மைதீன் சும்மா இருப்பாரா? "என் கூட்டாளி கால்ல வாற கொப்புளம் இந்தக் காஜா கால்ல வரட்டும்" என்றார், சொல்லும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டார். வெயில்முத்து கடைசியாக எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, "தளவாய் காலில் முள் தைத்தால் என் கண்ணில் நீர் வடியும்" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏறி, மேலே போய் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "மேடேறும்போது வாங்குவது யார் மூச்சு?" "எங்க மூச்சு!" என்றது கூட்டம். "ஓடுவது தளவாய் கால். வலிக்கப்போவது யார் கால்?" "எங்க கால்!" என்றது கூட்டம், பெரியவர்களும் பொம்பளைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுமாக, தண்ணீர்த் தொட்டிக் குழாய் திருப்பிச் சொல்ல இடம் கொடுக்காமல்.

இசக்கியம்மாள் பின்னால் டீ டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் வைத்துக் கையை நீட்டி ஒன்று மட்டும் கேட்டாள்.

"வலிச்சா வந்துரணும். சத்தியம் பண்ணுங்க."

தளவாய் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். கயத்தாற்றைத் தாண்டுவதற்குள் வலிக்கும், வலித்தால் சத்தியத்தைச் சாக்காக வைத்து மரியாதையாகத் திரும்பிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

கயத்தாறு வந்தது, வலிக்கவில்லை. கோவில்பட்டி வந்தது, வலிக்கவில்லை. சாத்தூர், விருதுநகர் என்று ஊர்கள் பஸ்ஸில் போகும்போது வருவது போல வந்துகொண்டே இருந்தன. கால் ஏதோ வாடகைக்கு எடுத்த கால் போல அதன் பாட்டுக்கு ஓடியது. பின்னால் குட்டியானை வண்டியில் தண்ணீரும் பழமும் இரண்டு குழாயும் ஒரு ஆம்பிளிபையருமாக வந்த அவருடைய கையாள் மிக்கேல்தான் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் "அம்மா" என்று முனகினான். தளவாய் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உக்காந்து வாறவனுக்கே இப்படின்னா, ஓடுதவன நெனச்சுப் பாருல." மிக்கேலும் விழாவில் மாலையைப் பிடித்துக்கொண்டு "எங்க கால்" என்று கத்தியவன்தான். அவன் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

ஊரில் அன்று காலையிலேயே அது தொடங்கிவிட்டது. முதலில் காஜா மைதீன் கட்டைவிரலுக்குக் கீழே நாவல்பழம் அளவுக்கு ஒரு கொப்புளத்தோடு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்தார். எஸ்தர் டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒரு குறளை முடிக்க முடியாமல் தவித்தார். வணிகர் சங்கக் கூட்டத்தில் வெயில்முத்து வரி உயர்வைப் பற்றிப் பேசும்போது, அங்கே தளவாய் ஒரு கல்லை மிதித்தாரோ முள்ளை மிதித்தாரோ, இங்கே கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் உறுப்பினர்கள் அவர் பேச்சை முழுதாக நம்பினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கெண்டைக்கால், தொடை, இடுப்பு. மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இது எப்படி என்று யாரும் அதிசயப்படவில்லை. சொன்னோம்லா, சொன்னா வராம இருக்குமா, என்று அவரவர் தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விழாவில் யார் எவ்வளவு சத்தமாகச் சொன்னார்கள் என்பதில்தான் தகராறு வந்தது. மெதுவாகச் சொன்னவனுக்கு மெதுவாக வலித்தது, கைதட்டலுக்காக இரண்டு தடவை கத்தியவன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக ஊர் அந்த வலியைப் பழகிக்கொண்டது. கட்டில்களைத் தெருவில் போட்டு, ஆளும் பேருமாக முறை வைத்துப் படுத்து, ஒருவர் காலை ஒருவர் பிடித்துவிட்டார்கள். டீக்கடையில் டீ கேட்கிறவனைப் பார்த்து, "இப்ப போடக் கூடாது, மேம்பாலம் ஏறுதாரு, கை நடுங்கும்" என்றார் கடைக்காரர். ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்துக்குத் தளவாய் மதுரைக்குப் பக்கத்தில் ஏதோ பெரிய பாலத்தில் ஏறிவிட்டார்; பெண் வீட்டார் அத்தனை பேரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு புஸ் புஸ் என்று மூச்சு வாங்க, நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்தை நடுவில் நிறுத்தி இரைக்க, வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் இது குடும்ப வியாதியோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் யோசித்துவிட்டு, "நாங்களும் இப்ப சொல்லிச் சேந்துக்கிடலாமா?" என்று கேட்டார்.

அதுதான் வேடிக்கை. வலி வந்தது பெருமையாகிவிட்டது. விழாவுக்கே வராதவர்கள் கூடக் கடைத்தெருவுக்கு வந்ததும் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். வடக்குத் தெருக்காரர்கள் போன கொடையில் குழாய்ச் சத்தத்தைப் பற்றி வந்த சண்டையில் தளவாயோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவர்கள் எல்லாரும் நிமிர்ந்து நடந்ததால் ஊரில் அவர்களை யாரும் மதிக்கவில்லை. பொறுக்க முடியாமல் வெளியூர் மைக்செட்டை வரவழைத்து ஒரு கூட்டம் போட்டு, தாங்களும் தளவாயின் இன்ப துன்பங்களில் பங்கேற்பதாக அறிவித்தார்கள். மைக் சரியில்லையோ, மனசு சரியில்லையோ, அவர்களுக்குக் கிடைத்தது விக்கல் மட்டும்தான். திருச்சிப் பக்கம் தளவாய் காரமாகச் சால்னா ஊற்றிப் புரோட்டா தின்றபோது வடக்குத் தெரு முழுக்க விக்கியது.

இதையெல்லாம் தளவாயிடம் சொல்லக் கூடாது என்பது வெயில்முத்துவின் உத்தரவு. "தெரிஞ்சா நின்னுருவான். நின்னா நம்ம பட்ட வலி வீணாப் போயிரும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மிக்கேலுக்கு போனில் சொல்லியாகிவிட்டது. இசக்கியம்மாளிடம் நேரில் வந்து, "மைனி, நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றார். வாயைத் திறந்து ஊரைக் கெடுத்தவர் சொல்கிறாரே என்று அவளுக்கு வந்தது, விழுங்கிக்கொண்டாள். ஊரில் வலியும் இல்லாமல் விக்கலும் இல்லாமல் நடமாடிய ஒரே ஆள் அவள்தான் என்பதால், வீடு வீடாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும், சுக்குத் தட்டிப் போடுவதும், படுத்திருக்கிற கால்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்ப்பதும் அவள் தலையில் விழுந்தது. புருஷன் ஓட ஓட அவளுக்குக் கால்கள் கூடிக்கொண்டே போயின.

அங்கே தளவாய்க்கோ தலைகால் புரியவில்லை. ஓடும்போது குனிந்து தன் கால்களைப் பார்ப்பார். கூடவே இருந்தும் இவ்வளவு நாளாகத் தெரியாமல் போய்விட்டதே என்று அவற்றின் மேல் அவருக்குப் பாசம் வந்தது. உளுந்தூர்பேட்டையில் ஒரு கேபிள் டிவிக்காரர் மைக்கை நீட்டியபோது, கம்மங்கூழ்தான் ரகசியம் என்றார். அவர் கம்மங்கூழ் குடித்து வருஷக்கணக்காகிறது. முதுகுவலி என்று சொன்ன ஒரு லாரி டிரைவரிடம், "வலிங்கிறதெல்லாம் மனசுதான் தம்பி" என்று டீ ஆறும்வரை உபதேசம் பண்ணினார். மெட்ராஸ் கடற்கரையிலிருந்து ஊர் திரும்பியதும் மேடையில் பேச வேண்டிய ஏற்புரையை ஓடிக்கொண்டே மனசுக்குள் எழுதினார். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அது நீண்டுகொண்டே போனது, அதில் ஊராருக்கான நன்றி கடைசிக்கு, நாற்காலி மடக்குகிற இடத்துக்குப் போய்விட்டது. இசக்கியிடம் போனில், "ஒரு வலி இல்லட்டி, இரும்புக் காலு" என்பார். அவள் "ம்" என்பாள்.

தளவாய் திண்டிவனத்தைத் தாண்டி ஓடிய ஒரு முற்பகலில், இங்கே பனையடிப்பேட்டையில் இசக்கியம்மாள் எதிர்வீட்டுக் குழந்தை ஒன்றுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. டீச்சர் சொல்லிக்கொடுத்ததால் விழாவில் கையைத் தூக்கிக்கொண்டு கத்தியிருக்கிறது. சுண்டுவிரல் கனத்துக்கு இருந்த அதன் கெண்டைக்காலில் சதை முடிச்சு விழுந்து துடித்தது. பிள்ளை அழவில்லை, அழுது முடித்துவிட்டது. "அத்தை, மைக்செட் மாமா எப்ப நிப்பாங்க?" என்று மட்டும் கேட்டது.

இசக்கியம்மாள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"எங்க நிக்கீங்க?"

"நிக்கவா? ஓடிக்கிட்டே பேசுதேன். மூச்சு வாங்குதா பாரு, வாங்காது."

"வாங்காது. நீங்க ஓடல."

"என்னட்டி சொல்லுத?"

"ஊரு ஓடுது. விழாவுல பேசுனது எல்லாம் பலிச்சுப் போச்சு. காஜா அண்ணன் காலு முழுக்கக் கொப்புளம். டீச்சருக்குத் தொண்ட ஒட்டிப் போச்சு. எதிர்த்தவீட்டுப் பிள்ள கெண்டைக்காலு துடிக்கு, இப்பவும் துடிக்கு, நீங்க ஓடிக்கிட்டே பேசுதீங்கல்லா அதனால. இன்னும் ஓடணும்னா ஓடுங்க. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

தளவாய் நின்றார். மிக்கேலைத் திரும்பிப் பார்த்தார். மிக்கேல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கம்மங்கூழ் ஞாபகம் வந்தது. லாரி டிரைவர் ஞாபகம் வந்தது. ஏற்புரை ஞாபகம் வந்தபோது அவர் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் எங்கேயாவது வலித்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அந்த உடம்பில் அதற்கும் வழியில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து குழாய் கட்டி, வயர் இழுத்து, அடுத்தவர் குரலையே பெரிதாக்கிக் கொடுத்த மனுஷன், ஒரே ஒரு காரியம் தான் செய்தது என்று சொல்ல ஆசைப்பட்டார். அதுவும் அடுத்தவர் கால்.

போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது. வெயில்முத்து வந்திருந்தார். "தளவாயி, நின்னுராதீரும்வே. இன்னும் கொஞ்சம் தூரம்தான். இவ்வளவு வலிச்சாச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு முடிச்சுருவோம். நீரு ஓடுனா மட்டும் போதும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

"அண்ணாச்சி, போன இசக்கிகிட்ட குடுங்க" என்றார் தளவாய்.

திருவிழாவில் ஒரு பிள்ளை காணாமல் போனால் மைக்கில் சொல்வார்கள். கிடைத்துவிட்டால் அதையும் மைக்கில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஊர் தேடிக்கொண்டேயிருக்கும். மைக்கில் போட்ட சொல்லை மைக்கில்தான் எடுக்க முடியும் என்பது தளவாய்க்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. வீட்டிலிருக்கிற ஆம்பிளிபையரை எப்படிப் போட வேண்டும் என்று அவர் இசக்கியிடம் சொல்ல ஆரம்பித்தார். "தெரியும்" என்றாள் அவள். கொடைக்குக் கட்டிய குழாய்களும் இழுத்த வயரும் இன்னும் அவிழ்க்கப்படாமலே இருந்தன. ஸ்விட்சைப் போட்டு, போனை மைக்குக்கு முன்னால் வைத்தாள். ஊர் முழுக்கக் குழாய்கள் ஒரு தடவை கொர்ரென்றன.

"ஹலோ, ஹலோ" என்றது தளவாயின் குரல். வழக்கமாக அதோடு இறங்கிவிடுகிற குரல் இந்தத் தடவை இறங்கவில்லை. "ஒரு முக்கிய அறிவிப்பு. ஒரு கால்வலி வழிதவறி நம்ம ஊருக்கு வந்துவிட்டது. அது மைக்செட் தளவாயின் கால்வலி. உரியவர் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார். வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து ஒப்படைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஒருவரும் அசையவில்லை. வலியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சிலருக்குக் கொடுக்க மனசும் இல்லை.

தளவாய் அறிவிப்புக் குரலை விட்டுவிட்டார். "காஜா, ஒம்ம காலு ஒமக்குவே. எனக்கு என் கொப்புளத்தத் தாரும். டீச்சர், உங்க தொண்ட உங்களுக்கு, என் தாகத்தக் குடுத்துருங்க. வெயில்முத்து அண்ணாச்சி, உங்க கண்ணீர இனி உங்க வீட்டுக்கு வச்சுக்கிடுங்க. வடக்குத் தெருக்காரங்களே, விக்கலும் என்னுதுதான். பிள்ளைகளா, மாமாவுக்குக் கேட்டுட்டு. போயி வெளையாடுங்க."

ஒவ்வொரு பெயரைச் சொல்லி முடிக்கும்போதும் அங்கே ஒரு கால் கட்டிலிலிருந்து இறங்கியது, இங்கே ஒரு வலி வந்து ஏறியது. முதலில் உள்ளங்கால் தீயாக எரிந்தது. பிறகு நாக்கு ஒட்டியது. பிறகு பாலங்களின் மூச்சு எல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சை அமுக்கியது. கடைசியாகப் பிள்ளைகளின் வலி வந்தது, ஒவ்வொன்றும் சின்னதாக, எண்ணிக்கை இல்லாமல், தொடையிலும் இடுப்பிலும் வந்து உட்கார்ந்தது. தளவாய் அரளிச்செடிக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்து கிடந்தார். விக்கலும் எடுத்தது.

"வலிக்கா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"வலிக்கு."

"ரொம்பவா?"

"ரொம்ப வலிக்குட்டி." அவர் அழுதுகொண்டிருந்தார். நடுவில் சிரிப்பும் வந்தது, அது விக்கலோடு சேர்ந்து அசிங்கமாக ஒரு சத்தம் போட்டது.

"அப்ப வந்துருங்க. சத்தியம் பண்ணிருக்கீங்க."

"வாறேன். இங்க முன்னால ஒரு பெட்ரோல் பங்க் தெரியுது. அதுவரைக்கும் மட்டும் ஓடிட்டு வாறேன்."

அவள் போனை மைக்குக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள்.

"ஓடுங்க. போன வைக்காதீங்க."

தளவாய் எழுந்தார். எழுவதே ஒரு காரியமாக இருந்தது. அரளிக் கொப்பைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, தன் காதையே பிடித்துத் தூக்குவது போல எழுந்து நின்று, ஒரு காலை வைத்தார், கத்தினார், அடுத்த காலை வைத்தார். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சைக்கிளில் போன ஒரு பெரியவர் இறங்கி, "உடம்பு சரியில்லையா ஐயா, எங்கயாச்சும் கொண்டுபோய் விடவா?" என்று கேட்டார். "ஓடிக்கிட்டிருக்கேன்" என்றார் தளவாய். பெரியவர் மரியாதைக்குக் கொஞ்ச தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார், பிறகு அவருக்கே நேரமாகிவிட்டதால் முன்னால் போய்விட்டார்.

பனையடிப்பேட்டையில் யாரும் மைக்கை அணைக்கவில்லை. போனில் வந்த மூச்சு அத்தனை குழாயிலும் போனது. கட்டிலிலிருந்து இறங்கி, நன்றாகிவிட்ட கால்களோடு தெருவில் நின்ற ஜனம் மொத்தமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அது இரைந்தது, விக்கியது, கெட்ட வார்த்தை சொன்னது, அம்மனைக் கூப்பிட்டது. வெயில்முத்துவுக்குப் பழக்கம் விடாமல் "தளவாயி, நாங்க..." என்று வாயில் வந்துவிட்டது. காஜா மைதீன் பாய்ந்துபோய் அந்த வாயைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்காமலே நின்றார். பக்கத்தில் நின்றவர்களும் அவரவர் வாயை அவரவர் கையால் மூடிக்கொண்டார்கள்.

வெயில் உச்சிக்கு வந்து இறங்க ஆரம்பித்தபோது, "பங்க் வந்துட்டு" என்றது குழாய். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு நொடி பிந்தி மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகுதான் இசக்கியம்மாள் ஸ்விட்சை அணைத்தாள்.

மெட்ராஸ் கடற்கரையை அவர் பார்க்கவேயில்லை. குட்டியானையில் தார்ப்பாய் விரித்துப் படுக்கப் போட்டு, மிக்கேல் இப்போது கிளட்சை அலுங்காமல் மிதித்துக் கொண்டுவந்து சேர்த்தான். ஊர் மேடை போட்டிருந்தது. மிக்கேலே குழாய் கட்டினான். தளவாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பேச்சுத்தான் சரியாக வரவில்லை. எஸ்தர் டீச்சர் மைக்கைப் பார்த்து, "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய் உட்கார்ந்தார். காஜா மைதீன், "நல்லா இரும்வே" என்றதோடு நிறுத்திக்கொண்டார். வெயில்முத்து கடிக்கிற நாயைப் பார்ப்பது போல மைக்கைப் பார்த்து, ஒரு அடி தள்ளி நின்று, "உங்கள் சாதனையில் எங்களுக்கு ஓரளவுக்கு மகிழ்ச்சி, ஓரளவுக்குத்தான்" என்றார். தளவாயிடம் மைக்கை நீட்டியபோது, ஓடும்போது எழுதிய அந்த நீளமான ஏற்புரையில் அவருக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடினேன்" என்றார். கூட்டம் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

அப்போது யாரோ, தளவாய் அண்ணாச்சி வீட்டிலிருந்தும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று சொல்ல, வேண்டாம் வேண்டாம் என்ற இசக்கியம்மாளை டீ டிரம்முக்குப் பக்கத்திலிருந்து பொம்பளைகள் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார்கள். அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், நாற்காலியில் நீட்டிய காலைப் பார்த்தாள். அந்தக் காலின் வீக்கத்தையும் சதைக்கட்டுகளையும் முந்தின நாள் முழுக்க எண்ணெய் போட்டு உருவியவள் அவள்தான்.

"இவுகளுக்குக் கால் வலிக்கு. வெரசா முடிங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக எத்தனையோ பாராட்டுகளைப் பெரிதாக்கிக் காற்றில் விட்டவர் தளவாய். கண் நிறைந்து உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள், இரண்டு பேர் அவரைத் தூக்க வந்து கையை நீட்டினார்கள். கொஞ்சம் பொறுங்க என்று அவர் விரலைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து, ஒரு நொடி பிந்தி, கால் வலிக்கு என்று இன்னொரு தடவை வந்தது. அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.